டோக்கன் தங்கம் பாதை மாறும்போது

தங்கத்தைக் கிராம் கணக்கில் டோக்கனாக வாங்கலாம், அதை ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம் என்கிறார்கள். தங்கவயல்காரர்களாகிய நாம் இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பிளாக்செயின் என்பது பலர் கையில் ஒரே சமயத்தில் இருக்கும் கணக்குப் பேரேடு. தங்கம் பெட்டகத்தில் இருக்கும். அதன் உரிமை பேரேட்டில் ஒரு பதிவாக இருக்கும். அந்தப் பதிவே டோக்கன். ரயில்வே ரசீது அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சரக்கு வழியில் இருக்கும்போதே ரசீதில் கையெழுத்திட்டு உரிமையை மாற்றலாம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அதை உரிமை ஆவணமாகவே ஏற்கிறது. 'பாக்ஸ் கோல்டு' டோக்கன் ஒன்றுக்கு ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம் தங்கம். அது எத்தீரியம் என்னும் பேரேட்டில் இருக்கிறது.

எத்தீரியத்தின் பதிவைச் சொலானா என்னும் பேரேடு தானாகப் படிக்காது. மாரிக்குப்பம் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். கோலாருக்குப் போன பழைய சிறுபாதை 2 அடி 6 அங்குலம். பங்காருப்பேட்டையில் மூட்டையை இறக்கித்தான் ஏற்றவேண்டும். டோக்கனை அப்படித் தூக்கி வைக்க முடியாது. எனவே 'பாலம்' என்ற ஏற்பாட்டில், மூல டோக்கனை இங்கே பூட்டிவிட்டு அங்கே ஒரு மாற்றுச் சீட்டு வெளியிடுகிறார்கள். திரும்பும்போது சீட்டை அழித்து மூலத்தை விடுவிக்கிறார்கள்.

ஒற்றைப் பாதையில் நாங்கள் பயன்படுத்திய நீல் டோக்கன் கருவியின் தத்துவமும் இதுவே. இரு நிலையக் கருவிகளும் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. ஒரு குண்டு வெளியே இருக்கும்வரை, இரு முனைகளில் எதிலும் அடுத்த குண்டு வராது. இரண்டு குண்டுகள் வெளியே வந்தால் ஒரே பாதையில் இரண்டு வண்டிகள்!

2022 பிப்ரவரியில் 'வார்ம்ஹோல்' பாலத்தில் அதுதான் நடந்தது. ஒருவன் எதையும் பூட்டாமலே 1,20,000 ஈதருக்கான சீட்டுகளைச் சொலானாவில் உருவாக்கிக்கொண்டான். பின்னணி நிறுவனம் அந்தத் தொகையை நிரப்பியதால் சீட்டு வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். அடுத்த மாதமே 'ரோனின்' பாலத்தில் ஒன்பது சாவிகளில் ஐந்து களவாடப்பட்டு, 60 கோடி டாலருக்கு மேல் போயிற்று. பூட்டு வலுவாக இருந்து என்ன பயன், சாவி வேறொருவன் கையில் இருந்தால்?

நம் நாட்டில் பிளாக்செயின் இல்லாமலே இதைச் செய்தார்கள். செபியின் பெட்டக மேலாளர் விதிகள் 2021 டிசம்பரில் வந்தன. 2022 அக்டோபரில் மும்பை பங்குச் சந்தை மின்னணுத் தங்க ரசீதுகளைத் தொடங்கியது. ஒரு பெட்டகத்தில் வைத்த தங்கத்தை இன்னொரு பெட்டகத்தில் பெறவும் விதியில் இடமுண்டு. எத்தனை கிராம் உள்ளே, எத்தனை ரசீது வெளியே என்பதற்கு அங்கே கணக்குக் கேட்க ஓர் அதிகாரி இருக்கிறார்.

பாலத்தைக் கடந்த டோக்கனைப் பிள்ளைகள் வாங்கப் புறப்பட்டால், பெட்டகத்தை விட்டுவிட்டு முதலில் பாலத்தைப் பற்றிக் கேளுங்கள். மூலத்தைப் பூட்டியிருப்பவர் யார்? சாவிகள் எத்தனை பேரிடம்? கையிலுள்ள சீட்டுக்குத் தங்கம் தரவேண்டியவர் மூல நிறுவனமா, பாலக்காரரா? பல பாலங்களில் பதில் பாலக்காரர்தான். அவரோ தங்கத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார்.