'ஆல்' உருபும் ஆய்வு நெறியும்

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் மிதிவண்டி கற்ற வரலாற்றைப் பெரியோர் இன்றும் பெருமிதத்தோடு கூறுவர். 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின் ஓர் அங்கமாக, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியும் பெண்களிடையே பரவியது. கட்டுப்பாடு மிக்க இசுலாமியக் குடும்பங்களின் இளம்பெண்களும் மிதிவண்டியில் சென்றதை, 1996இல் வெளிவந்த தம் நூலில் இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார்.

'மிதிவண்டியால் பெண்கள் முன்னேறினர்' என்கிறோம். இக்கூற்றை மெய்ப்பிப்பது எங்ஙனம்? நுண்பொருளாதார அளவையியல் ஆராயும் வினா இத்தகையதே.

ஆலும் ஓடும்

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி ஆகிய பொருள்களை நன்னூலார் வகுத்தார். 'மிதிவண்டியால் முன்னேறினர்' என்பதில் மிதிவண்டி கருவி. 'மிதிவண்டியோடு முன்னேற்றமும் வந்தது' என்பதில் அஃது உடனிகழ்ச்சி மட்டுமே. மகளை மிதிவண்டி ஓட்ட அனுமதித்த குடும்பம், முன்னரே அவள் கல்வியில் அக்கறை கொண்ட குடும்பமாக இருந்திருக்கலாம். அவ்வாறாயின் இரண்டிற்கும் காரணம் அக்குடும்பத்தின் மனப்பாங்கே. 'ஓடு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஆல்' என்று சொல்வதே ஆய்வில் நேரும் பெரும்பிழை.

ஒப்பீட்டின் இன்றியமையாமை

மலையில் நெருப்புண்டு என்பதைப் புகையால் அறியும் அளவையை விளக்கும் மணிமேகலை, இரண்டும் உள்ள அடுக்களையை மட்டுமன்றி, இரண்டும் இல்லாத நீரையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. பாரசீக மருத்துவ மேதை அபூபக்கர் அல்-ராஸி (865–925), மூளை சார்ந்த நோய் கண்டவருள் ஒரு சாராருக்குக் குருதி வடித்து, மற்றொரு சாராருக்கு வடிக்காது விடுத்து, விளைவை ஒப்புநோக்கியதாக எழுதியுள்ளார். 'இது நிகழாதிருப்பின் என்னவாகியிருக்கும்?' என்னும் வினாவே இருவர்க்கும் பொது.

குலுக்கல் முறையில் இரு சாராரைப் பிரிப்பது சிறந்த வழி. ஆயின் அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் குலுக்கலால் வழங்கப்படுவதில்லை. அந்நிலையில் இயல்பாக அமைந்த ஒப்பீட்டைத் தேடிக் காண வேண்டும். இந்நெறியை வளர்த்த அறிஞர் மூவர் 2021இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றனர்.

பீகார் காட்டும் சான்று

2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு மிதிவண்டி வாங்கப் பணம் வழங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோர் இதனை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். திட்டத்தின் பயனைப் பெறும் வயதினரான மாணவியரை, அவ்வயதைக் கடந்துவிட்ட மூத்த பெண்களோடு முதலில் ஒப்பிட்டனர். புதிய பள்ளி, சாலை போன்ற பொதுவான மாற்றங்களை விலக்க, ஆண்பிள்ளைகளிடம் காணப்பட்ட அதே வேறுபாட்டைக் கழித்தனர். பெண்கல்வி எங்கும் வளர்ந்துவரும் போக்கை விலக்க, 2000 வரை பீகாரோடு இணைந்திருந்த ஜார்க்கண்டில் காணப்பட்ட வேறுபாட்டையும் கழித்தனர். எஞ்சியதே மிதிவண்டியின் பயன். உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்தது. ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது. பள்ளிக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிற்றூர்களிலேயே பயன் மிகுதியாக இருந்தமை, தொலைவைக் குறைத்ததே காரணம் என்பதை வலியுறுத்திற்று. இங்கு 'ஆல்' உருபு தன் உரிமையைப் பெற்றது.

நம் மாவட்டம்

புதுக்கோட்டையிலோ எழுத்தறிவு, மிதிவண்டி, ஆட்சியரின் ஆதரவு யாவும் ஒருங்கே வந்தன. அறிவொளியும் விரைவில் பிற மாவட்டங்களுக்குப் பரவியது. எனவே மிதிவண்டியின் பங்கை மட்டும் பிரித்தளப்பது அரிது. மெய்ப்பிக்க அரிது என்பதனால் பொய் என்றாகாது. பேருந்துக்கும் ஆண்துணைக்கும் காத்திராமல் சென்ற பெண்களின் மகிழ்ச்சி, அளவைக்கு அப்பாற்பட்ட உண்மை. அதனைப் போற்றுவோம், அளந்து கண்டதாக மட்டும் கூறாதிருப்போம்.

முடிவுரை

ஆய்வேடு எழுதும் மாணவர்கள் மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்புதல் நலம். முன்பு நிலை என்ன? பயன் பெறாதார் நிலை என்ன? இரு சாராரும் பிறவற்றில் ஒத்தவரா? விடை கிடைக்காவிடத்து 'ஓடு' என்று எழுதுதலே நேர்மை. ஊர்ப்பெருமையாயினும் சான்றின் எல்லைக்குள் நின்று பேசுவதே கற்றோர்க்கு அழகு.