காக்கும் கண்ணுக்கும் காவல் வேண்டும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

கண்ணை இமை காப்பது போல என்று நம் பெரியோர் சொல்வார்கள். உடலைக் காக்கக் கண் இருக்கிறது. அந்தக் கண்ணைக் காக்க இமை இருக்கிறது. இன்று பல வீட்டு வாசல்களில் புதிதாக ஒரு கண் முளைத்திருக்கிறது. அதுதான் வைஃபை மூலம் இயங்கும் பாதுகாப்புக் கேமரா. அது எவ்வாறு வேலை செய்கிறது, அதை எப்படிப் பொருத்துவது, அந்தக் கண்ணுக்கு இமை எது என்பவற்றை எங்கள் வீட்டு அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

அம்மாச்சியின் வீடு

என் அம்மாச்சிக்கு வயது 74. திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தனியாக வசிக்கிறார்கள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. எழுந்து நடக்க முடியாமல் திண்ணை வரை ஊர்ந்து வந்து, இரவு முழுவதும் அங்கேயே கிடந்தார்கள். கைப்பேசி வீட்டிற்குள் அலமாரியில் இருந்தது. விடியற்காலையில் பால் கொண்டு வந்த அக்காதான் பார்த்துக் கூச்சலிட்டு ஆட்களை அழைத்தார்.

“எங்களோடு டவுனுக்கு வந்துவிடுங்கள்” என்று அம்மா அழுது பார்த்தார். “உங்க தாத்தா கட்டின வீட்டைப் பூட்டிட்டு நான் எங்க வர்றது?” என்று அம்மாச்சி மறுத்துவிட்டார்கள். ஆகவே அப்பா ஒரு கேமராவை வாங்கி, ஓர் ஆளை வைத்துப் பொருத்தினார். கூடத்தில் அம்மாச்சியின் கட்டிலுக்கு எதிரே அது மாட்டப்பட்டது. நாங்கள் எங்கள் வீட்டில் இருந்தபடியே அம்மாச்சியைக் கைப்பேசியில் பார்த்தோம். எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அதைச் சொல்லுமுன் கேமராவின் வரலாற்றையும் அது இயங்கும் முறையையும் சிறிது பார்ப்போம்.

ஒரு செவிலியர் கண்ட வழி

வீட்டுப் பாதுகாப்புக் கேமராவுக்கு வழிகாட்டியவர் ஒரு பெண்மணி என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி. அமெரிக்காவில் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்பவர் ஒரு செவிலியர். அவரும் மின்னணுவியல் அறிந்த அவர் கணவர் ஆல்பர்ட் பிரவுனும் சேர்ந்து ஒரு கருவியை வடிவமைத்தனர். கதவில் பல உயரங்களில் துவாரங்கள் இருக்கும். ஒரு கேமரா மேலும் கீழும் நகர்ந்து, வெளியே நிற்பவரைப் படம் பிடிக்கும். உள்ளே இருப்பவர் அதைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்து, பேசி, விரும்பினால் இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்கலாம். 1966-இல் அவர்கள் செய்த விண்ணப்பத்திற்கு 1969 டிசம்பர் 2-ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது.

1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுக்கூடத்தினர், காபிக் குடுவையில் காபி இருக்கிறதா என்று தம் இருக்கையிலிருந்தே பார்க்க ஒரு கேமராவை வைத்தனர். 1993-இல் அந்தப் படம் இணையத்தில் இணைக்கப்பட்டதால், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அந்தக் குடுவையைப் பார்க்க முடிந்தது. 1996-இல் சுவீடன் நாட்டு ஆக்ஸிஸ் நிறுவனம், வலையமைப்பில் நேரடியாக இணையும் கேமராவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று நம் வீட்டுச் சுவரில் இருப்பது அதன் வழித்தோன்றலே.

இயங்கும் முறை

கேமராவின் வில்லை, காட்சியை ஓர் உணர் சில்லின் மீது விழச் செய்கிறது. சில்லு ஒளியை மின் குறிகளாக மாற்றுகிறது. உள்ளே இருக்கும் சிறு கணினி அவற்றைச் சுருக்கி, வைஃபை அலைகளாக ரூட்டருக்கு அனுப்புகிறது. ரூட்டர் இணையத்தின் வழியே அதை நம் கைப்பேசிக்குச் சேர்க்கிறது. ஆகவே கம்பியில்லாக் கேமரா என்று சொன்னாலும், பெரும்பாலானவற்றிற்கு மின்சார வயர் வேண்டும். செய்திக்குத்தான் கம்பி தேவையில்லை.

வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் அதிர்வெண்களில் இயங்குகிறது. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்று இயற்பியலில் படிக்கிறோம். அதன்படி முதலாவதன் அலைநீளம் 12.5 செ.மீ.; இரண்டாவதன் அலைநீளம் 6 செ.மீ. முதலாவது அலை சுவர்களைத் தாண்டி அதிகத் தூரம் செல்லும். விலை குறைந்த கேமராக்கள் பல இதில் மட்டுமே இயங்குகின்றன. இரும்புக் கதவும் நீர்த்தொட்டியும் குறுக்கே இருந்தால் அலை வலுவிழக்கும்.

இருட்டில் கேமரா எப்படிப் பார்க்கிறது? அதைச் சுற்றியுள்ள சிறு விளக்குகள் அகச்சிவப்புக் கதிர்களை வீசுகின்றன. அவை நம் கண்ணுக்குப் புலப்படாது, கேமராவுக்குப் புலப்படும். அதில் நிற வேறுபாடு கிடைக்காததால் இரவுப் படம் கறுப்பு வெள்ளையாக இருக்கிறது. தோழியர் இதைச் சோதித்துப் பார்க்கலாம். தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி, பல கைப்பேசிகளின் திரையில் மின்னுவதைக் காண்பீர்கள்.

இனி ஒரு கணக்கு. கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்வதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 7,200 மெகாபிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆதலால் இது 900 மெகாபைட். ஒரு நாளைக்கு 21.6 கிகாபைட். எனவே 64 கிகாபைட் மெமரி கார்டில் ஏறக்குறைய மூன்று நாள் காட்சிகளே நிற்கும். பிறகு பழையது அழிந்து புதியது பதியும். அசைவு தெரியும்போது மட்டும் பதியச் செய்தால் கார்டு அதிக நாள் வரும்.

துண்டு மூடிய கண்

கேமரா மாட்டிய மூன்றாம் நாள் காலையில் கைப்பேசியைப் பார்த்தால் திரை முழுவதும் ஒரே சிவப்பு. பழுது என்று நினைத்துத் தொலைபேசியில் கேட்டோம். அம்மாச்சி தாத்தாவின் பழைய துண்டை அதன் மேல் போட்டு மூடியிருந்தார்கள்.

“உங்களுக்காகத்தானே வைத்தோம், அம்மாச்சி?” என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன்.

“எனக்காக வச்சீங்க, சரி. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா கண்ணு? நான் சேலை மாத்துற இடம் அது” என்றார்கள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் யாருமே கேட்கவில்லை. விழுந்து கிடந்த பயத்தில், அம்மாச்சியிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்குத் தோன்றவில்லை.

அடுத்து ஊருக்குப் போனபோது கேமராவை வேறிடத்திற்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. அதன் பாஸ்வேர்டையும் மாற்றலாம் என்று அம்மாவின் கைப்பேசியில் செயலியைத் திறந்தேன். உரிமையாளருக்கு மட்டுமே அனுமதி உண்டு என்று அது மறுத்தது. உரிமையாளர் யார் என்று பார்த்தால், பொருத்த வந்தவரின் கைப்பேசி எண் இருந்தது! அவர் தம் கணக்கில் கேமராவைப் பதிவு செய்து, பார்க்கும் வசதியை மட்டும் எங்களுக்குப் பகிர்ந்திருக்கிறார். அப்பா அவரிடம் கேட்டபோது, “எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் சார் செய்றோம், ரிப்பேர் வந்தால் சுலபம்” என்றார். அவர் தீய எண்ணத்துடன் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்தொன்பது நாட்கள் அந்தக் கூடம் முன்பின் தெரியாத ஒருவரின் கைப்பேசியிலும் திறந்தே இருந்திருக்கிறது. அம்மா அன்று வெகுநேரம் பேசவே இல்லை. அம்மாச்சி போட்ட துண்டுதான் அத்தனை நாளும் இமையாக இருந்து காத்தது.

பொருத்தும் முறை

அன்று நானே அதை முதலிலிருந்து அமைத்தேன். அதன் படிகள் வருமாறு.

1. முதலில் பழைய பதிவை நீக்கச் செய்ய வேண்டும். அப்பா கேட்டுக்கொண்டபடி அவர் தம் கணக்கிலிருந்து கேமராவை நீக்கினார். பிறகு கேமராவில் உள்ள சிறு பொத்தானைக் குரல் கேட்கும் வரை அழுத்திப் பிடித்தேன். அது புதிதாக வாங்கிய நிலைக்குத் திரும்பியது.

2. சுவரில் மாட்டுமுன் ரூட்டருக்கு அருகில் மேசைமேல் வைத்தே இணைக்க வேண்டும். செயலியில் வீட்டாரின் எண்ணில் கணக்குத் தொடங்கி, வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால், கைப்பேசித் திரையில் கட்டம் கட்டமாக ஒரு குறியீடு தோன்றும். அதைக் கேமராவின் முன் காட்டினால் அது படித்து இணைந்துகொள்ளும். வேறு முறையில் இணையும் கேமராக்களும் உண்டு.

3. கேமராவின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். நாள், நேரம் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நேரம் தவறான பதிவு, தேவைப்படும்போது குழப்பத்தையே தரும். மெமரி கார்டைச் செருகி, செயலியிலேயே தயார் செய்ய வேண்டும்.

4. இரண்டரை மீட்டர் உயரத்தில், மழை நனையாத தாழ்வாரத்தின் அடியில், சற்றுக் கீழ்நோக்கி மாட்டுவது நல்லது. நேரே வெயிலைப் பார்த்தால் வருபவர் நிழலுருவாகவே தெரிவார். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தால் இரவில் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் படத்தை வெளுக்கச் செய்யும். பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் சோதிக்க வேண்டும்.

5. அசைவு அறிவிப்பைச் சீர்செய்ய வேண்டும். அடுத்தடுத்த படங்களில் உள்ள மாற்றத்தைக் கண்டே எங்கள் கேமரா அசைவை அறிகிறது. முதல் நாள் ஓயாமல் மணி அடித்தது. ஓடிப் பார்த்தால் அம்மாச்சியின் சேவல்! கவனிக்க வேண்டிய பகுதியைச் செயலியில் கட்டமிட்டு, உணர்திறனைக் குறைத்த பிறகு அமைதி உண்டாயிற்று.

6. மின்சாரம் போனால் கேமராவும் ரூட்டரும் சேர்ந்தே உறங்கிவிடும். இரண்டிற்கும் இன்வெர்ட்டர் இணைப்பு இருப்பது நலம்.

கண்ணுக்கு இமை

2016-ஆம் ஆண்டு ‘மிராய்’ என்னும் தீய நிரல், உலகெங்கும் வலையமைப்பில் இருந்த கேமராக்களிலும் பிற கருவிகளிலும் புகுந்தது. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவைதான் அதற்கு எளிதில் அகப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அக்கருவிகளைக் கொண்டு டைன் என்னும் அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியதால், டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. கேமராவின் சொந்தக்காரர்கள் பலருக்குத் தம் கேமராவும் அதில் சேர்ந்தது தெரிந்தே இராது.

ஆகவே பாஸ்வேர்டு நீளமாக இருக்க வேண்டும். பெயரும் பிறந்த நாளும் ஆகா. தொடர்பற்ற மூன்று நான்கு சொற்களைக் கோத்தால் நமக்கு நினைவிருக்கும். பிறர் ஊகிப்பது கடினம். வைஃபைக்கும் கேமராவுக்கும் வேறு வேறு வைக்க வேண்டும். கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்டுச் சரிபார்க்கும் இரட்டைப் பூட்டு வசதி இருந்தால் அதையும் இட வேண்டும். யார் யாருக்குக் காட்சி பகிரப்பட்டிருக்கிறது என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். கேமராவை விற்கும்போது கார்டை எடுத்துவிட்டுக் கணக்கிலிருந்தும் நீக்க வேண்டும்.

இவை இயந்திரத்தின் இமைகள். மனிதர் இட வேண்டிய இமையும் ஒன்று உண்டு. படுக்கையறை, குளியலறை, உடை மாற்றும் இடம் ஆகியவற்றை நோக்கிக் கேமரா வைக்கலாகாது. அண்டை வீட்டு ஜன்னலும் அதில் விழக் கூடாது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் தீர்ப்பளித்தார்கள். என் அம்மாச்சி அந்தத் தீர்ப்பை அறியார்கள். ஆனாலும் அதன் பொருளை ஒரு துண்டால் எங்களுக்குப் புரிய வைத்தார்கள்.

முடிவுரை

இப்பொழுது கேமரா எங்கே இருக்க வேண்டும் என்று அம்மாச்சியே காட்டிய இடத்தில் இருக்கிறது. அது திண்ணையையும் கிணற்றடிக்குப் போகும் வழியையும் பார்க்கிறது. அதன் சுவிட்ச் அம்மாச்சியின் கைக்கு எட்டும் இடத்தில் உள்ளது. வேண்டாதபோது அவர்கள் அணைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் ஒப்பந்தம். இதுவரை ஒரு முறைகூட அணைக்கவில்லை.

சென்ற சனவரியில் ஒரு நாள் விடிந்து வெகுநேரமாகியும் அம்மாச்சி வாசல் தெளிக்க வரவில்லை. அம்மா உடனே பக்கத்து வீட்டு அத்தையைத் தொலைபேசியில் அழைத்து அனுப்பினார். கடும் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். அன்று மதியத்திற்குள் மருத்துவமனையில் சேர்த்தோம். கேமரா காட்டியது வெறும் வாசலைத்தான். அந்த வெறுமையின் பொருளை உணர்ந்தது அம்மாவின் மனம்.

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டில் கேமரா வாங்கினால் இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். இதில் தெரியப்போகிறவரிடம் கேட்டோமா? இதைப் பார்க்கும் உரிமை யார் யார் கையில் இருக்கிறது? இவ்விரண்டிற்கும் விடை கண்ட பிறகு சுவரில் ஆணி அடியுங்கள். அதன் பிறகும் விடுமுறை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். கேமராவில் தெரிந்த அம்மாச்சி, என் தலையைத் தடவி ஒரு நாளும் பூ வைத்ததில்லை.