ஆடி முதல் நாளும் கமாடோ அடுப்பும்

சம்பந்தி வீட்டார் வந்த அன்று காலை ஒன்பது மணிக்கு, அடுப்பு மூடியில் பதித்திருந்த வெப்பமானியின் முள் 340 டிகிரி செல்சியஸைத் தாண்டி நின்றது. எனக்கு வேண்டியிருந்தது 120. வந்து நிற்கப் போகிறவர்கள் வத்தலக்குண்டிலிருந்து வரும் பன்னிரண்டு பேர். மசாலா தடவி இரவெல்லாம் ஊறிய இரண்டு முழு வெள்ளாட்டுத் தொடைகள் கீழே பாத்திரத்தில் இருந்தன. அந்த முள்ளைப் பார்த்து நின்ற நிமிடம் இன்னும் எனக்கு ஆறவில்லை. கமாடோ வாங்கியவர்கள், வாங்க நினைப்பவர்கள் எல்லாருக்கும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நான் சத்துணவு அமைப்பாளராக 29 வருடம் வேலை பார்த்தவள். எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய திட்டத்தில் ஒன்பது வருடம் கழித்துச் சேர்ந்தேன். நான் சேர்ந்த கூடத்தில் விறகடுப்புதான். இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கும்போது எழும் புகையில் பக்கத்தில் நிற்கும் ஆயாவின் முகம் தெரியாது. ஈர விறகு வந்த நாளில் பதினொரு மணிக்குள் கண் இரண்டும் கோவைப்பழம் ஆகிவிடும். 1980-களில் அரசு புகையில்லா அடுப்பு என்று ஊர் ஊராகக் கொண்டுபோனது. எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில் கட்டினார்கள். புகைபோக்கியைத் துடைக்க ஆளில்லாமல் அவை ஒவ்வொன்றாக இடிந்தன. தீயை அடக்கி ஆளும் ஓர் அடுப்பு என் கையில் இருக்க வேண்டும் என்பது அன்றிலிருந்தே ஆசை. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் பாதிக்கு மேல் போட்டு இதை வாங்கினேன். "அந்தக் காசுக்குத் தங்கம் எடுத்திருந்தா நாளைக்கு நிக்கும்ல" என்று என் தம்பி சொன்னான், இன்றும் சொல்கிறான். தங்கம் பெட்டியில்தான் இருக்கும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் சமையல் இருக்கிறது, அதற்கு அடுப்பு வேண்டும்.

கமாடோ என்றால் ஜப்பானிய மொழியில் அடுப்பு என்றே பொருள். சோறு சமைக்க அவர்கள் வைத்திருந்த, மூடி போட்ட மண் அடுப்பு ஒன்றை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் அதில் இறைச்சி வாட்டினார்கள். பிறகு பீங்கானில் செய்தார்கள். 1974-இல் அட்லாண்டாவில் தொடங்கிய பிக் கிரீன் எக் என்கிற பச்சை முட்டை அடுப்புதான் அதில் பேர் போனது. என்னிடம் இருப்பது பீங்கான் இல்லை, இரும்பில் இரட்டைச் சுவர், நடுவே சூடு கடத்தாத அடைப்பு. பீங்கானைவிட எடை குறைவு, தட்டினால் உடையாது, ஆனால் பூச்சு உரிந்தால் துரு ஏறும். திண்டுக்கல் பக்கத்தில் பிரியாணிக்குத் தம் போடுகிற நமக்கு இதன் சூட்சுமம் புதிதில்லை. பாத்திரத்தை மாவு வைத்து அடைத்து மேலே கங்கு போடுகிறோம். இங்கே அடுப்பே பாத்திரம், அடைப்பும் அதிலேயே இருக்கிறது. காற்றுக்கு மட்டும் கீழே ஒரு வாய், மேலே ஒரு வாய். அந்த இரண்டையும் கொஞ்சம் கூட்டிக் கொஞ்சம் குறைப்பதுதான் சமையல்.

பெட்டியைப் பிரித்ததும், நாலு பேர் சேர்ந்து மொட்டைமாடிக்கு ஏற்றியதும், திருகுகளை மாட்டியதும் ஒரு மாலை வேலை. அதைச் சொல்லி நேரத்தைக் கழிக்க வேண்டாம். உங்கள் வீட்டு மாடியும் மேற்கே திறந்துதான் இருக்கும், சின்னாளபட்டி, காந்திகிராமம், அம்பாத்துரை எல்லாம் ஒரே காற்றுதான். ஆடியில் அந்தக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நானோ காற்று நேரே புகும்படி கீழ்வாயை மேற்கே திருப்பி வைத்திருந்தேன். கவனிக்கவே இல்லை.

இப்போது அந்தக் காலை. எட்டே காலுக்குக் கரி பற்றியது. இரண்டு வாயையும் முழுக்கத் திறந்துவிட்டேன். விறகடுப்புப் பழக்கம் அது. முதலில் நன்றாக எரியவிட்டு, பிறகு விறகை இழுத்துத் தணிப்போம் இல்லையா? முள் 50-ல் இருந்தது. கீழே பிரியாணிக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது, மாப்பிள்ளைக்குக் கொடுக்க எடுத்த வேட்டி சட்டையைத் தேடவேண்டியிருந்தது. "நூறு வந்ததும் கூப்பிடுடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். அவன் போனில் இருந்தான். நாற்பது நிமிடம் கழித்து நானாக மேலே வந்தபோது 340.

இரண்டு வாயையும் உடனே இறுக்கி மூடினேன். விறகை இழுத்துவிட்டோம், இனி இறங்கும் என்று நினைத்தேன். பத்தரைக்குப் பார்த்தேன், 260. அங்கேதான் எனக்குப் புரியவே இல்லை. காசு கொடுத்து இரட்டைச் சுவர் வாங்கியதே சூடு வெளியே போகாமல் இருக்கத்தான். அப்படியிருக்க உள்ளே ஏறிய சூடு எந்த வழியில் போகும்? மண் அடுப்பு மாதிரி நாலு பக்கமும் கசிய இதில் வழி இல்லை. ஏற்றுவது இருபது நிமிட வேலை, இறக்குவது அரை நாள் வேலை.

அதற்குள் சம்பந்தி வீட்டார் கிளம்பிவிட்டார்கள் என்று போன் வந்தது. சூட்டை வெளியேற்ற மூடியைத் திறந்தேன். அது இன்னொரு தவறு. காற்றில்லாமல் மூச்சடைத்துக் கிடந்த கரிக்கு ஒரே மூச்சில் காற்று கிடைத்ததும் புஸ்ஸென்று தீ மேலே பாய்ந்தது. வலது முன்கையில் முடி எல்லாம் பொசுங்கியது, முந்தானை ஓரம் சுருண்டது. மூடியைத் திறக்குமுன் இரண்டு விரற்கடை மட்டும் தூக்கி, சில விநாடி அப்படியே பிடித்து, உள்ளே காற்று மெல்லப் போனபிறகே முழுசாகத் திறக்க வேண்டும். இதை எந்த அடுப்பிலும் நான் செய்ய வேண்டியிருந்ததில்லை. இதில் ஒவ்வொரு முறையும் செய்கிறேன்.

நான் கையை உதறிக்கொண்டிருந்த நேரத்தில் தம்பி ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து உள்ளே ஊற்றினான். "அணையட்டும்க்கா" என்றான். சாம்பலும் ஆவியும் சேர்ந்து முகத்தில் அடித்தது. சூடாக இருந்த உள்சுவரில் பீங்கான் பூச்சு கையகலத்துக்குப் படபடவென்று உரிந்து விழுந்தது. அந்த இடத்தில் இன்று துரு. மாதம் ஒருமுறை நல்லெண்ணெய் தடவி வைக்கிறேன். அவன் உதவி செய்யத்தான் வந்தான் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். நூறு வந்ததும் கூப்பிட்டிருந்தால் அந்த உதவியே தேவைப்பட்டிருக்காது.

பதினொன்றரைக்கு, 230 டிகிரியில், வேறு வழியில்லாமல் தொடைகளை வைத்தேன். ஒரு மணிக்கு வெளியே கரி, எலும்போரம் சிவப்பு. கறுத்ததைச் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தை வெட்டிக் குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்தேன். பிரியாணி காப்பாற்றியது. சம்பந்தியம்மா பந்தியில் உட்கார்ந்து, "கடையிலயே சின்னதா வெட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார்கள். கிடாய் அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் நானே பல் பார்த்துப் பிடித்தது. முழுத் தொடையாக வேண்டும் என்று கறிக்காரரிடம் நின்று வாங்கியது. நான் பதில் சொல்லவில்லை.

எல்லாரும் போனபிறகு மூடியின் விளிம்பைப் பார்த்தேன். குக்கருக்கு இருப்பதுபோல இதற்கும் ஒரு கேஸ்கட் உண்டு, கம்பளி மாதிரி ஒரு பட்டை, பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அது பாதிச் சுற்றுக்குக் கருகி, பசை இளகித் தொங்கிக்கொண்டிருந்தது. புது அடுப்பில் அந்தப் பசை இன்னும் இறுகியிருக்காது. முதல் இரண்டு மூன்று தீ 180-க்குள் நிற்க வேண்டும், உணவு வைக்காமல், ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் மெல்ல. விற்றவரிடம் முந்தின வாரம் போனில் நான் கேட்டே இருந்தேன், முதல் தடவை ஏதாவது பார்க்க வேண்டுமா என்று. "நல்லா எரிய விடுங்கம்மா, எண்ணெய்ப் பிசுக்கு போயிரும்" என்றார். கேஸ்கட் கருகியதைச் சொன்னபோது, அதிகச் சூட்டில் போனால் உத்தரவாதத்தில் வராது என்றார். கூட வந்த நாலு பக்கக் காகிதத்தில் தமிழ் ஒரு வரி கிடையாது. இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் கிரைண்டருக்கே தமிழில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

கேஸ்கட்டைச் சரிசெய்தது என் வீட்டுக்காரர். தறியில் உட்கார்ந்த கை, இழை அறுந்தால் பொறுமையாக எடுத்து முடியும் கை. பழைய பசையை மழுங்கிய கத்தியால் மூன்று நாள் சுரண்டினார். கண்ணாடி இழையில் பின்னிய கயிறும், சூடு தாங்கும் பசையும் வரவழைத்தோம். ஒட்டி, மூடியை மூடி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டோம். கம்பளிப் பட்டையைவிட இது மேல். புதிதாக வாங்குகிறவர்கள் கேட்கும்போதே கண்ணாடி இழைக் கேஸ்கட் உள்ளதைக் கேளுங்கள்.

அதற்குப் பிறகு நான் கற்றது ஒன்றே ஒன்று. முள் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு வருமுன்பே வாயைக் குறுக்க வேண்டும். 120 வேண்டுமா, 70-ல் கீழ்வாயைப் பாதியாக்குங்கள், 95-ல் ஒரு விரல் அகலம், மேல்வாயை அதைவிடக் குறைவாக. பிறகு பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் அடுப்பு பதில் சொல்லப் பத்து நிமிடம் எடுக்கும். அதற்குள் இன்னொன்றைத் திருப்பினால் எது என்ன செய்தது என்றே தெரியாது. முள் 110-லேயே நின்றால் நிற்கட்டும், கறிக்குப் பத்து டிகிரி கணக்கில்லை. கீழ்வாயைக் காற்றுக்கு முதுகு காட்டி வையுங்கள். ஆடி, ஆவணியில் நான் அதன் எதிரே இரண்டு செங்கல்லும் சாத்துகிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் செய்முறை அனுப்பினால் அது எந்தக் கணக்கு என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் 225 ஃபாரன்ஹீட், நமக்கு அது 107.

கரி விஷயத்தில் நிறையப் பேர் என்னோடு சண்டை போடுவார்கள். நான் சீமைக்கருவேலங்கரிதான் போடுகிறேன், ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு வருவது. சிரட்டைக் கரி சூடு நன்றாகத் தரும், ஆனால் சில்லுச் சில்லாக இருப்பதால் கம்பியிடுக்கில் விழுந்து காற்றை அடைத்துவிடும். எந்தக் கரியானாலும் தூளைச் சலித்துத் தள்ளிவிட்டு, கைப்பிடி அளவுத் துண்டுகளை அடியில் அடுக்குங்கள். இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்றுவதுபோல மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது, மூடிய அடுப்பில் அந்த வாடை கறியில் ஏறிவிடும். இரண்டு கற்பூரக் கட்டி, ஒரு பிடி பன்னாடை போதும். முதலில் வெள்ளையாகத் திரண்டு வரும் புகையில் கறியை வைக்காதீர்கள், கசக்கும். புகை மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்கும்படி ஆனதும் வையுங்கள்.

ஆவணி கடைசியில் மறுபடியும் இரண்டு தொடை வைத்தேன், வீட்டுக்கு மட்டும். காலை ஏழு மணிக்கு வைத்தது, 120-ல் ஐந்தரை மணி நேரம். நடுவில் மூடியை ஒரே ஒரு தடவை திறந்தேன். தொடையில் தசையைக் கட்டி வைத்திருக்கும் சவ்வு அவ்வளவு நேரம் மெல்லிய சூட்டில் கிடந்தால் பாகு மாதிரி இளகிவிடும், அவசரத் தீயில் அது நாராக இறுகும். எலும்பைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்தது. வீட்டுக்காரர் பல் போனவர், அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மூன்று கிலோ கரி போட்டிருந்தேன். எடுத்தபிறகு இரண்டு வாயையும் மூடினேன், கரி தானாக அணைந்தது. மறுநாள் பார்த்தால் பாதிக்குக் குறையாமல் மிச்சம், அடுத்த சமையலுக்கு அதையே பற்றவைத்தேன். இருபத்தொன்பது வருடம் வெந்நீர் வைத்து மிஞ்சிய கொள்ளியை மண் போட்டு அணைத்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விறகுக்குக் காசு கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

மழை வந்தாலும் எரிகிற அடுப்பைப் படிக்கட்டு அறைக்குள் இழுக்காதீர்கள். எரியும் கரி கண்ணுக்குத் தெரியாமல், வாடை இல்லாமல் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். நம் மாவட்டத்தில், கொடைக்கானலில், 2024-இல் அறைக்குள் பார்பிக்யூ கரியை வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழவே இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். மழையில் அடுப்பு நனையட்டும். மறுநாள் சாம்பலை மட்டும் மறக்காமல் அள்ளிவிடுங்கள், ஈரச் சாம்பல் இரும்பைத் தின்னும்.

தை மூன்றாம் நாள் சம்பந்தி வீட்டார் திரும்ப வருகிறார்கள். அதே பன்னிரண்டு பேர். கிடாய்க்குச் சொல்லியாயிற்று, தொடைகளை முழுசாகத்தான் கேட்டிருக்கிறேன். காலை ஐந்தரைக்குப் பற்றவைப்பேன், முள் 70-ஐத் தொடும்வரை மாடியைவிட்டு இறங்க மாட்டேன். தம்பிக்குக் கீழே இலை போடுகிற வேலை.