வெடிமருந்தும் மனச்சாட்சியும்

அநியாயம் செய்யும் அரசாட்சியை எதிர்க்க எந்த உபாயத்தையும் கையாளலாமோ? கொடுமை பெரிதானால் உபாயமும் கொடிதாயிருக்கலாம் என்பார் உண்டு. இதை ஆராயப் பிறர் குற்றத்தைத் தேடிப் போகவேண்டாம்; நம் கத்தோலிக்கர் சிலர் செய்ததையே எடுத்துக்கொள்வோம்.

அவர்கள் பட்ட துன்பம் பொய்யல்ல. இங்கிலாந்தில் 1581-ம் ஆண்டுச் சட்டப்படி, அரசாங்கக் கோவிலுக்குப் போகாதவர் மாதம் 20 பவுன் அபராதம் கட்டவேண்டும். 1585 முதல், அந்நிய தேசத்தில் குருப்பட்டம் பெற்றவர் அங்கே வந்து தங்குவதே இராஜத்துரோகம். யார்க் நகரத்து இறைச்சிக் கடைக்காரரின் மனைவி அர்ச். மார்கரெட் கிளித்தெரோ, குருக்களை வீட்டில் மறைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1586-ல் உடல்மேல் பாரமேற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். 1603-ல் ஜேம்ஸ் அரசர் பட்டத்துக்கு வந்தபோது விடிவு காலம் வருமென்று நம்பினார்கள். வரவில்லை.

அப்போது இராபர்ட் கேட்ஸ்பி என்னும் கனவான், தம்மோடு பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, பிரபுக்கள் சபைக்கு நேர் கீழேயுள்ள அறையில் 36 பீப்பாய் வெடிமருந்து வைத்தார். 1605 நவம்பர் 5-ந் தேதி அரசர் பாராளுமன்றத்தைத் திறக்க வரும்போது எல்லாரையும் ஒருங்கே தகர்ப்பது திட்டம். அந்தச் சபையில் இருக்கப்போகிறவர் யார்? கொடுஞ்சட்டம் செய்தவர் மட்டுமா? நீதிபதிகள், எழுத்தர்கள், வேலைக்காரர்கள், ஏன், கத்தோலிக்கப் பிரபுக்கள் சிலருங்கூட!

கேட்ஸ்பிக்கும் மனம் உறுத்தியது போலும். அவ்வருஷம் ஜூன் மாதம், சேசுசபை அதிபரான கார்னெட் சுவாமியிடம் பொதுக் கேள்விபோல ஒன்று கேட்டார்: யுத்தத்தில் குற்றவாளிகளோடு குற்றமற்றவர்களும் மடிய நேர்ந்தால் அது ஆகுமோ என்று. நீதியான யுத்தத்தில் அப்படி நேரிடக்கூடும் என்று சுவாமியார் சொன்னதைத் தம் சதிக்கே உத்தரவாக எடுத்துக்கொண்டார். வியாதியை மறைத்து வைத்தியரிடம் மருந்து வாங்குகிறவனுக்கு இவர் எவ்வளவில் குறைந்தவர்? முறையான அதிகாரம் நடத்தும் யுத்தத்தில் தவிர்க்கக்கூடாமல் நேரும் சாவு வேறு. குற்றமற்றவர் அங்கே இருப்பார் என்று அறிந்தே அவர்கள் காலடியில் மருந்தை அடுக்குவது வேறு. பின்னர் கார்னெட் சுவாமிக்குச் சதி பாவசங்கீர்த்தன இரகசியமாய்த் தெரியவந்தது. அவர் பலாத்காரம் வேண்டாமென்று மன்றாடினார். அதை விலக்கும்படி உரோமைக்கும் எழுதினார். 1606 மே 3-ந் தேதி அவரே தூக்கிலிடப்பட்டார்.

ஆயுதமே எடுக்கலாகாது என்று திருச்சபை சொல்லவில்லை. அடிப்படை உரிமைகள் நெடுங்காலம் மிதிக்கப்பட்டு, வேறு வழியெல்லாம் அடைபட்டு, நியாயமான வெற்றி நம்பிக்கையிருந்து, அதைவிடப் பெரிய கேடு விளையாதிருக்குமானால் மாத்திரம் கூடுமென்று 1992-ம் ஆண்டு ஞானோபதேசம் கடுமையான நிபந்தனைகள் விதிக்கிறது. அவை யாவும் நிறைவேறினாலும் குற்றமற்றவரைக் கொல்லும் உரிமை பிறப்பதில்லை. நன்மைக்காகத் தீமை செய்யலாமென்ற வாதத்தை அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்திலேயே கண்டித்துவிட்டார்.

சதி வெளிப்பட்டது. 1606-ல் வந்த சட்டங்கள், கத்தோலிக்கர் வக்கீல் தொழிலும் வைத்தியத் தொழிலும் செய்யலாகாதென்று தடுத்தன. ஆனால் தோற்றதாலேயே அது பாவமென்று எண்ணிவிடாதீர்கள். பலித்திருந்தாலும் பாவமே.

அப்படியானால் கைகட்டி நிற்பதோ? நிக்கோலாஸ் ஓவன் என்பவரைப் பாருங்கள். ஆக்ஸ்போர்டு தச்சன் மகன், குள்ளமானவர், சேசுசபைச் சகோதரர். பகலில் எல்லாரும் காண ஏதோ மரவேலை செய்வார். இரவில் தனியே சுவரைக் குடைந்து, தரையைத் தோண்டி, குருக்களுக்கு மறைவிடம் கட்டுவார். சட்டத்தை வருஷக்கணக்காய் மீறினார். ஒருவர் உயிருக்கும் கேடு செய்யவில்லை. சதிக்குப்பின் நடந்த தேடுதலில் பிடிபட்டு, ஒளிந்திருந்த ஒருவரையும் காட்டிக்கொடுக்காமல், 1606 மார்ச்சில் இலண்டன் கோட்டையில் சித்திரவதையால் மாண்டார். 1970-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் அவருக்கு அர்ச்சியசிஷ்டவர் பட்டம் அளித்தார். அவர் கைவேலையென்று கருதப்படும் மறைவிடங்களை ஹார்விங்டன் மாளிகையில் இன்றும் காணலாம்.