கணிப்பொறித் திரையில் கேழ்வரகுப் புரதம்

அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியே புரதம். அச்சங்கிலி உரிய வடிவில் மடங்கிய பின்னரே பெரும்பாலான புரதங்கள் தம் பணியைச் செய்கின்றன. ஆகவே, புரதத்தை அறிய விழைவோர் அதன் முப்பரிமாண வடிவத்தை அறிதல் வேண்டும்.

இத்துறையில் தமிழகத்தின் பங்கு பெரிது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். இராமச்சந்திரன், 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜனுக்கு மூவிழை அமைப்பை முன்மொழிந்தார். 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன், அணுக்கள் ஒன்றோடொன்று மோதாவண்ணம் சங்கிலி எக்கோணங்களில் திரும்ப இயலும் என்பதை வரைபடமாக்கினார். இன்றும் புதிய புரத வடிவங்களைச் சரிபார்க்க ‘இராமச்சந்திரன் வரைபடம்’ உரைகல்லாக விளங்குகிறது.

1971இல் ஏழு வடிவங்களுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டவை உள்ளன. 1993இல் ரோஜர் சேல் வெளியிட்ட ராஸ்மால் என்னும் இலவச மென்பொருள், அவற்றை எளிய கணிப்பொறியிலும் காண வழிசெய்தது.

நம் தருமபுரி மாவட்ட மானாவாரி நிலங்களில் விளையும் கேழ்வரகின் புரதம் ஒன்றும் அவ்வங்கியில் உள்ளது. 122 அமினோ அமிலங்கள் கொண்ட அதன் வடிவம் 1995இல் வெளியாயிற்று. மாவுப்பொருளைச் சிதைக்கும் அமிலேஸ், புரதத்தைச் சிதைக்கும் டிரிப்சின் ஆகிய இரு நொதிகளையும் அது தடுக்கிறது.

ஒரு சிறு புரதம் இரு நொதிகளை எவ்வாறு தடுக்கிறது? எழுத்து வரிசையை மட்டும் பார்த்தால் விடை எளிதில் புலப்படாது. திரையில் சுழற்றிப் பார்த்தால் புலப்படும். முதலில் நாடா வடிவில் சுருள்களைக் காண்போம். பின்னர், அமைப்பை இறுக்கும் ஐந்து கந்தகப் பிணைப்புகளுக்கு நிறமிடுவோம். இறுதியாக, 34, 35ஆம் அமினோ அமிலங்களைக் குறிப்போம். டிரிப்சின் பற்றும் வளையம் அதுவே. அமிலேசை அடைப்பதில் சங்கிலியின் தொடக்க முனை பங்கேற்கிறது. இரு பணிகளுக்கும் இரு வேறு இடங்கள்!

ஒன்றை மறத்தலாகாது. நிறங்கள் நாம் இட்டவை. நாடா ஒரு குறியீடு. ஆல்ஃபாஃபோல்டு போன்ற கணிப்புகளும் ஆய்வுக்கூடச் சான்றுக்கு ஈடாகா. திரையில் தெரிவது படம். அதை வினவிப் பெறுவதே அறிவு.

விலையுயர்ந்த எக்ஸ்-கதிர்க் கருவி நம் கல்லூரியில் இல்லாதிருக்கலாம். எனினும், உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் காணும் அதே தரவு நமக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நம் வயல் தானியத்திலிருந்தே மாணவர்கள் இப்பயிற்சியைத் தொடங்குவார்களாக!