பால்வாடி சோற்றுக்கு, எல்.கே.ஜி. படிப்புக்கா?

கீழப்பழுவூர் பக்கம் மூன்று வயதுப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று பேச்செடுத்தால் தீர்ப்பு தயாராக இருக்கும்: பால்வாடி சாப்பாட்டுக்கு, எல்.கே.ஜி. படிப்புக்கு. இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது திருச்சி மாவட்டப் பாப்பாக்குறிச்சியில். கீழப்பழுவூரும் அப்போது அதே மாவட்டத்தில்தான் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளோடு பால்வாடிக் குழந்தைகளுக்கும் அன்றைக்குச் சோறு கிடைத்தது. பசியறிந்த தலைமுறை அதையே பெரிதாக நினைவில் வைத்ததில் தப்பில்லை. ஆனால் 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், உணவோடு முன்பருவக் கல்வியையும் தன் வேலையாகவே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று தனிப் பாடத்திட்டமும் உண்டு. சட்டியில் இருப்பது அகப்பையில் வராமல் போவது ஏன் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

குறை அங்கன்வாடி டீச்சரின் படிப்பிலோ அக்கறையிலோ இல்லை. குழந்தையின் முகம் பார்த்துப் பேச அவருக்கு மிஞ்சும் நேரத்தில்தான் இருக்கிறது. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளின் கணக்கு, பதிவேடு, செயலியில் பதிவு என்று ஒரே ஆள் தலையில் எத்தனையோ வேலை. இதை ஊகமாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் 640 அங்கன்வாடிகளில் கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த மையங்களின் பிள்ளைகள் கணக்கில் முன்னேறியிருந்தார்கள், மொழியில் அதைவிடக் கூடுதலாக. பலன் இன்னொன்றும் உண்டு: வளர்ச்சிக் குறைவும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் அங்கே குறைந்திருந்தன. பாடத்துக்கு ஆள் வந்ததால் பழைய டீச்சருக்குச் சத்துணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்தது. சோறும் படிப்பும் ஒன்றையொன்று தின்னும் என்ற எண்ணம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

‘ஆள் கொடுத்தார்கள், நடந்தது, எங்கள் ஊருக்கு யார் கொடுப்பார்கள்?’ என்று கேட்பது நியாயமே. கூடுதல் ஆளுக்கு ஈடு வேறில்லை. ஆனாலும் இருக்கும் நேரத்திலேயே ஒளிந்திருக்கும் நேரம் கொஞ்சம் உண்டு. சாப்பாட்டு வேளையையே எடுத்துக்கொள்ளலாம். தட்டு வைக்கும் வேலையை ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் விட்டு, ‘ஆளுக்கு ஒன்று வைத்தாயா? இன்னும் எத்தனை வேண்டும்?’ என்று கேட்டால் அது கணக்கு வகுப்பு. முட்டை போடும் நாளில் ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு, முழுசு, பாதி என்று பேசிக்கொண்டே உரித்தால் அது மொழி வகுப்பு. கேள்வி மட்டும் ‘ஆமாம் டீச்சர்’ என்ற பதிலோடு முடிந்துவிடாததாக இருக்க வேண்டும். கை கழுவ வரிசையில் நிற்கும்போது பெயர்களைத் தட்டிப் பிரிக்கலாம்: கு-மார் என்றால் இரண்டு தட்டு, ம-ணி-மே-க-லை என்றால் ஐந்து. பின்னால் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு வேண்டிய காது இப்படித்தான் பழகுகிறது. முதலில் வந்துவிடும் பிள்ளைகள் மற்றவர்கள் வரும்வரை சும்மா உட்கார வேண்டியதில்லை. பக்கத்து வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே வைக்கும் அளவுக்குக் கல்லுக்குப் பேர்போன மண் இது. விதவிதமான கற்களைக் கழுவி ஒரு கூடையில் வைத்தால் நிறம், எடை, சொரசொரப்பு பார்த்துப் பிரித்து அடுக்குவார்கள். கல் உள்ளங்கை அளவு இருக்கட்டும். பல்லாங்குழியும் புளியங்கொட்டையும் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் கண்ணெதிரே; சின்னதுகளுக்குத் தொண்டையில் சிக்கும்.

இதெல்லாம் விளையாட்டுத்தானே, நோட்டில் என்ன எழுதினான் என்று பெற்றோர் கேட்பார்கள். காசு கட்டிச் சேர்க்கிற இடத்தில் நோட்டு நிறைந்து வருவதுதான் இந்தப் போட்டியின் கடினமான பகுதி. அதைக் கேலி செய்து பயனில்லை. ஆனால் மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளில் பெரும்பாலானவை மூன்று வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கையைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தால் எழுத்து வந்துவிடும், எழுதுகிற ஆசைதான் போய்விடும். களிமண் பிசைவதும், காகிதம் கிழித்து ஒட்டுவதும், தரையில் சாக்பீஸால் கிறுக்குவதும் அந்த விரல்களை எழுத்துக்குத் தயார் செய்யும் வேலை. ஆங்கிலம் சீக்கிரம் வேண்டும் என்பவர்களுக்கும் இதே பதில்: வீட்டு மொழியில் கதை கேட்டு, கதை சொல்லிப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழிக்கான அடித்தளம் இருக்கிறது. பூச்சாண்டி காட்டி உட்கார வைக்கும் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை; பயந்த பிள்ளை கேள்வி கேட்காது, அவ்வளவுதான்.

மாலையில் பிள்ளையை அழைத்துவரப் போகும்போது நோட்டைத் தேடாமல், இன்றைக்கு என்ன கதை சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மே 1, ஆகஸ்ட் 15 போன்ற நாள்களில் கிராம சபை கூடும்போது ரோடு, தண்ணீரோடு இதையும் தீர்மானமாக வையுங்கள்: எங்கள் அங்கன்வாடிக்கு, பாடத்துக்கென்று இன்னொருவர் வேண்டும்.