மண்ணுக்குள் மறைந்திருக்கும் நஞ்சு

வள்ளுவப் பெருந்தகை பொறுமைக்கு நிலத்தையே சான்றாகக் காட்டினார். தோண்டினாலும் மிதித்தாலும் நிலம் நம்மைத் தாங்குகின்றது. ஆயினும், நாம் ஊற்றும் நஞ்சை அது மறந்துவிடுவதில்லை. உள்ளே வைத்திருந்து, ஒருநாள் கிணற்று நீரிலும் காற்றிலும் நமக்கே திருப்பித் தருகின்றது. அவ்வாறு கெட்ட மண்ணை எங்ஙனம் ஆராய்ந்து தூய்மை செய்கின்றனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணெய் நிலையத்தின் அடியில்

சாலையோர எண்ணெய் நிலையத்தில் நம் கண்ணுக்குத் தெரிவன குழாய்களும் கூரையுமே. பெட்ரோலும் டீசலும் தரைக்கு அடியில் புதைத்த பெருந்தொட்டிகளில் உள்ளன. பழைய தொட்டிகள் பல இரும்பால் ஆனவை. ஈரமண்ணில் இரும்பு துருப்பிடிப்பது இயல்பு. ஊசித்துளை வழியே சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலும், பல ஆண்டுகளில் அது பெருந்தீங்காகிவிடும். நிலையத்தை மூடிக் கட்டடத்தை இடித்த பின்னரும் அவ்வெண்ணெய் மண்ணிலேயே தங்கியிருக்கும்.

பெட்ரோல் நீரைவிட இலேசானது. எனவே, அது நிலத்தடி நீரை அடைந்ததும், குழம்பின்மேல் எண்ணெய் மிதப்பது போல் மிதக்கும். அதிலுள்ள பென்சீன், தொலுயீன், சைலீன் போன்ற பொருள்களில் ஒரு பகுதி நீரில் கரைந்து, நீரோடும் திசையில் செல்லும். இவற்றுள் பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்க வல்லது.

ஆராயும் முறை

நல்ல மருத்துவர் மருந்து கொடுக்குமுன் நோயாளியின் வரலாற்றைக் கேட்பார். மண்ணை ஆராய்பவரும் அவ்வாறே, தொட்டிகள் எங்கிருந்தன, எப்போது கசிந்தன என்று பழைய வரைபடங்களையும் பதிவுகளையும் முதலில் பார்ப்பர். பின்னர்த் துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் மண் எடுப்பர். பென்சீன் விரைவில் ஆவியாகும். ஆகவே, மண்ணைக் காற்றுப் புகாத புட்டிகளில் அடைத்து, குளிர்ச்சியாக வைத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவர். மூன்று சிறு கிணறுகளேனும் தோண்டி, நீர்மட்டங்களை ஒப்பிட்டால் நிலத்தடி நீர் செல்லும் திசை புலப்படும். அத்திசையில் குடிநீர்க் கிணறு உண்டா என்பதே முதற்கவலை. மாசடைந்த நிலங்களை ஆராய்வதற்கான வழிகாட்டி நூல்களை நமது சுற்றுச்சூழல் இலாகா 2009இல் வெளியிட்டது.

தூய்மை செய்யும் வழிகள்

தொட்டியில் எஞ்சிய எண்ணெயை அகற்றிக் கசிவை நிறுத்துவதே முதல் வேலை. அதன்பின் நிலத்திற்கு ஏற்ற வழியைத் தேர்வர். கெட்ட மண் சிறிதளவே இருந்தால் தோண்டி அகற்றுவர். மணற்பாங்கான நிலமாயின், குழாய் வைத்து மண்ணிலுள்ள ஆவியை உறிஞ்சி வடிகட்டுவர். மிதக்கும் எண்ணெயை இறைத்தெடுப்பர். எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்களும் மண்ணில் வாழ்கின்றன. அவற்றுக்குக் காற்றும் உரமும் கொடுத்தால், அவை மெல்ல மெல்ல நஞ்சைச் சிதைக்கும். இப்பணி முடியப் பல மாதங்களும் ஆகலாம், பல ஆண்டுகளும் ஆகலாம். கெடுப்பது எளிது; திருத்துவதே அரிது.

நம் ஜொகூர் கண்ட துயரம்

இது எங்கோ நடக்கும் செய்தியன்று. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம், பாசிர் கூடாங் வட்டாரத்தில் ஓடும் கிம் கிம் ஆற்றில், இரசாயனக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. மார்ச் 7ஆம் நாள், அருகிலிருந்த பள்ளிகளின் மாணவர்கள் நச்சுக்காற்றைச் சுவாசித்து, மூச்சுத்திணறலும் வாந்தியும் கண்டனர். நாம் மேலே கூறிய பென்சீனும் தொலுயீனும் அங்கே கண்டறியப்பட்ட பொருள்களுள் அடங்கும். சில நாள்களில் நோயுற்றோர் தொகை மீண்டும் பெருகியது. மார்ச் 13ஆம் நாள் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. சிகிச்சை பெற்றோர் 2,000க்கும் மேற்பட்டோர். தீயணைப்புப் படையினரும் இராணுவத்தினரும் உதவிக்கு வந்தனர். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்திற்கு ஆற்றைத் துப்புரவு செய்ய வேண்டியதாயிற்று. கழிவை முறைப்படி அகற்றும் செலவை மிச்சம்பிடிக்க முயன்றவர்களால், பாடம் படிக்கச் சென்ற பிள்ளைகள் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது.

நாம் செய்யத்தக்கவை

தோட்டத்தில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு. லாரியிலிருந்தும் மோட்டார் சைக்கிளிலிருந்தும் வடித்த பழைய எண்ணெயைச் செம்பனை மரத்தடியிலோ கால்வாயிலோ ஊற்றலாகாது. மூடியுள்ள கலனில் சேர்த்துப் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும். களைக்கொல்லி இருந்த டிரம்மில் குடிநீர் பிடித்து வைப்பது பேராபத்து. கழுவினாலும் அது குடிநீருக்கு ஆகாது. கிணற்று நீரில் பெட்ரோல் வாடை வீசினாலோ, மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தாலோ, அந்நீரைப் பருகுவதை உடனே நிறுத்தவேண்டும். காய்ச்சினால் சரியாகிவிடும் என எண்ணுதல் தவறு. அருகில் நெருப்புக் கொண்டுசெல்லாமல், தோட்ட நிருவாகத்திற்கும் சுற்றுச்சூழல் இலாகாவிற்கும் தெரிவிக்க வேண்டும்.

மாணவமணிகளே! இவற்றை இன்றே வீட்டில் பெற்றோரிடம் படித்துக் காட்டுங்கள். நம் முன்னோர் காடு திருத்தித் தந்த மண் இது. நமக்குப் பின் வருவோரும் அதில் விளைந்ததை உண்டு, அதன் நீரை அச்சமின்றிப் பருகும்படி காத்து வைப்பது நம் கடனாகும்.